மழை நின்றதும் வண்டி சரியாகிறதே, அது யாருடைய திறமை?



பதிவு கொஞ்சம் நீளம். இரண்டு நாளாக மனதில் குமைந்துகொண்டிருப்பதை இறக்கி வைக்கிறேன். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அது வகுப்புக்கு வராமல் வாங்கும் அட்டெண்டன்ஸ் மாதிரி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நல்ல மழை. வேதாரண்யத்து ஐப்பசி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் யாரோ பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். எட்டிப் பார்த்தால் 2011-இல் பிளஸ் டூ முடித்த பையன். பெயர் வேண்டாம், அவனே இதைப் படிப்பான். திருத்துறைப்பூண்டியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. "வண்டி நின்னுபோச்சு சார், மழை விடுற வரைக்கும் ஓரமா நிறுத்திக்கவா?" என்றான். உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தேன். டீ குடித்துக்கொண்டே கணக்குச் சொன்னான்.

போன வருஷ மழையில் முதல் தடவை நின்றபோது பேட்டரியை மாற்றினார்கள், 1,350 ரூபாய். இரண்டு வாரத்தில் மறுபடி நின்றது. சி.டி.ஐ. போய்விட்டது என்று புதுசு போட்டார்கள், 1,100. இந்த வருஷம் முதல் மழையிலேயே நின்றது. ஒயரிங் முழுவதையும் மாற்றினார்கள், கூலியோடு 2,600. ஆக மொத்தம் 5,050. நடுவில் நாலு நாள் வேலைக்குப் போக முடியாமல் சம்பளப் பிடித்தம் வேறு. இப்போது, "வண்டிக்கு வயசாயிடுச்சு, தள்ளிவிட்டுட்டு வேற எடு" என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். புது வண்டிக்கு முன்பணம் கட்ட மனைவியின் தோட்டை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருக்கிறான்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பிளக் கேப்பைக் கழற்றிப் பார்த்தியாப்பா?"

"அது எங்க சார் இருக்கு?"

இயற்பியலில் அவன் 200-க்கு 187. செய்முறைத் தேர்வுக்கு 50-க்கு 50 போட்டது நான்தான். அந்தக் கேள்வி என் முகத்தில் விழுந்த அறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த 5,050 ரூபாயைப் பார்ப்போம். மூன்று தடவையும் பட்டறையிலிருந்து வண்டி நன்றாகத்தானே ஓடிவந்தது என்று கேட்பீர்கள். ஓடியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று தடவையும் வண்டி பட்டறையில் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரியாவது நின்றது. நின்றால் காயும். காய்ந்தால் ஓடும். அந்த நேரத்தில் பேட்டரியை மாற்றினாலும் ஓடும், சீட் உறையை மாற்றினாலும் ஓடும், முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினாலும் ஓடும். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு மூன்று பில் போட்டிருக்கிறார்கள்.

நான் சண்டைக்கு நிற்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஈரத்தால் வரும் கோளாறு வெயில் பட்டால் தானாகப் போய்விடும். ஆகவே வண்டி ஓடுகிறது என்பது அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஈரத்தில் நின்ற வண்டியை மறுபடி ஈரமாக்கி ஓட்டிக் காட்டினால்தான் அது ரிப்பேர். காய்ந்த வண்டியைக் கையில் கொடுத்துக் காசு வாங்குவதற்குப் பெயர் வேறு.

அன்று ராத்திரியே செய்து பார்த்தோம். மழை விட்டு எட்டரை மணிக்கு வண்டியைக் கிக்கரில் உதைத்தால் சாதுவாகக் கிளம்பியது. ஓடவிட்டு, வாசல் விளக்கை அணைத்தேன். என் மனைவி இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து வந்து, தள்ளி நின்று பிளக் கேப்பின் மேல் மூன்று தடவை அடித்தேன். இருட்டில் கேப்பிலிருந்து இன்ஜின் ரெக்கைக்கு நீல நிறத்தில் ஒரு நூல் தாவியது. இன்னொன்று தாவியது. வண்டி இருமியது, ஆக்சிலேட்டரைத் திருகியதும் நின்றுவிட்டது. பையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதே சோதனையை நீங்களும் செய்யலாம். ஆனால் கையை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பலமாக ஷாக் அடிக்கும்.

என்ன நடக்கிறது என்பதை ஒரு ஐந்து நிமிடம் வகுப்பு மாதிரிக் கேளுங்கள். காயில் என்பது ஒரு மின்மாற்றிதான். நீங்கள் மனப்பாடம் செய்த பரிமாற்று மின்தூண்டலேதான், வேறில்லை. சின்ன மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட் ஆக்கித் தடித்த கறுப்பு ஒயர் வழியாகப் பிளக்குக்கு அனுப்புகிறது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தி நெருக்கப்பட்ட கலவை, அதைத் தாண்ட இன்னும் பல மடங்கு வேண்டும். காயிலில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும், எங்கே முதலில் வழி கிடைக்கிறதோ அங்கே பாயும். கேப்பில் முடி அளவு விரிசல், அதில் சேறும் தண்ணீரும் என்றால் குறைந்த வோல்ட்டிலேயே அந்த வழியாக இன்ஜின் உடம்புக்கு இறங்கிவிடும். பிளக் முனைக்குத் தேவையான அளவுக்கு அது ஏறவே ஏறாது.

ஐட்லிங்கில் ஓடுகிற வண்டி ஆக்சிலேட்டரைத் திருகியதும் மிஸ்ஸிங் ஆகி நிற்பதற்குக் காரணமும் இதுதான். திருகினால் உள்ளே போகும் கலவை அதிகம், அழுத்தம் அதிகம், தாண்டத் தேவைப்படும் வோல்ட் அதிகம். கசிவு ஜெயித்துவிடுகிறது.

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்று படித்திருக்கிறீர்கள். நம் ஊரில் ஏது தூய நீர்? உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கோடை முழுவதும் கேப்பிலும் காயிலிலும் உப்புக்காற்று படிகிறது. காய்ந்த உப்பு சும்மா கிடக்கும். ஒரு தூறல் விழுந்தால் அதுவே கம்பி. வேளாங்கண்ணி பக்கம் ஓட்டுபவர்கள், கடற்கரைச் சாலையில் தினமும் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மறுநாள் காலை நானும் அவனும் போய்ப் புதுக் கேப் வாங்கினோம், 120 ரூபாய். பழையதை ஒயரிலிருந்து மரை திருகிக் கழற்றினால் ஒயர் முனை பச்சை பூத்துக் கிடந்தது. அரை சென்டிமீட்டர் நறுக்கி எறிந்துவிட்டுப் புதுசைத் திருகினோம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானைக் காய்ந்த துணியால் துடைத்தோம். பிறகு அதே ஸ்ப்ரே பாட்டில், அதே இருட்டு, அதே இடம். அரை பாட்டில் தண்ணீர் அடித்தும் வண்டி அசையவில்லை. பில்லில் எழுத இந்தச் சோதனை ஒன்றே போதும்.

இப்போது சிலர், "வாத்தியார் மெக்கானிக் வயிற்றில் அடிக்கிறார்" என்று எழுதுவீர்கள். என் மாணவர்களில் ஏழெட்டுப் பேர் ஸ்பானர் பிடித்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களில் ஒருவனிடம் போனிலேயே கேட்டேன், ஏன்டா இப்படி என்று. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. "சார், அரை மணி நேரம் தேடி, கேப்பைத் துடைச்சுப் போட்டுட்டு இருநூறு ரூபா கேட்டா, துடைச்சதுக்கா இருநூறுன்னு அடிக்க வர்றாங்க. ஒரு பொருளை மாத்தி அட்டைப்பெட்டியைக் கையில குடுத்தா ஆயிரம்னாலும் பேசாம குடுத்துட்டுப் போறாங்க."

குற்றவாளிக் கூண்டில் நாமும் நிற்கிறோம், பாருங்கள். பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். என் மச்சினர் ஒருவர், மருந்து எழுதாத டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்ததை இன்னும் சொல்லிப் புலம்புகிறார். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு அட்டைப்பெட்டி விற்காமல் வேறென்ன செய்வான்? தேடிக் கண்டுபிடித்தவனுக்கு இருநூறு ரூபாயைச் சிரித்துக்கொண்டே கொடுங்கள். ஆனால் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்பவரிடம் பழைய பாகத்தையாவது கேட்டு வாங்குங்கள்.

எல்லாத் தடவையும் கேப்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சி.டி.ஐ. உண்மையிலேயே போகும், காயில் வெடிக்கும், ஹேண்ட்பாரில் உள்ள கில் சுவிட்சில் தண்ணீர் இறங்கி மக்கர் பண்ணும். கார்புரேட்டரில் தண்ணீர் சேர்ந்தால் அது பெட்ரோல் தகராறு, கரண்ட் தகராறு இல்லை. நிறைய உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் கரண்டைச் சந்தேகப்படலாம், காய்ந்திருந்தால் பெட்ரோலை. இவ்வளவுதான் விஷயம். 120 ரூபாய்ச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட்டு 1,100 ரூபாய்ச் சந்தேகத்துக்குப் போ என்கிறேன். கணக்கில் சின்னதிலிருந்துதானே தொடங்குவோம்?

குடும்பக் குழுவில் எதற்கெடுத்தாலும் எத்தனாலைத் திட்டி ஃபார்வர்டு போடும் மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், எல்லாம் சரி. ஆனால் அப்படித் தங்கிய தண்ணீர் மழை விட்டு ஒரு மணி நேரத்தில் ஆவியாகிப் போய்விடாது. வெயிலடித்ததும் ஓடுகிற வண்டிக்கு எத்தனால் மேல் வழக்குப் போட முடியாது.

இனி என் குற்றம். முப்பத்திரண்டு வருஷம் மின்காந்தத் தூண்டல் நடத்தியிருக்கிறேன். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னேன், ஐந்து மார்க் வினாவுக்குக் குறிப்பு கொடுத்தேன். பள்ளி வாசலில் ஆசிரியர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு நாளாவது ஒரு பிளக்கைக் கழற்றி, இதுதான் நீ படிக்கும் பாடம் என்று மேஜை மேல் வைத்தேனா? இல்லை. என் அப்பா ஐந்தாம் வகுப்பு. அவருடைய பழைய ஸ்கூட்டரின் பெட்டியில் எப்போதும் ஒரு பிளக் ஸ்பானர், ஒரு துண்டு உப்புத்தாள், பழைய வேட்டித் துணி இருக்கும். மழையில் நின்றால் மரத்தடியில் ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிடுவார். 187 மார்க் வாங்கியவன் தோட்டை அடகு வைக்கப் போனான். இதற்கு மெக்கானிக்கை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் இல்லை.

நடுரோட்டில் நின்றால் செய்ய வேண்டியது: சாவியை அணைத்து ஒதுங்கி நில்லுங்கள். கேப்பை இழுத்துக் கழற்றி உள்ளேயும் வெளியேயும், பிளக்கின் பீங்கானையும் காய்ந்த துணியால் துடையுங்கள். நனைந்த கர்ச்சீப் உதவாது, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்குகிற வண்டியாக இருந்தால் அதன் வடிகால் துளையில் சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். கேப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்தாதீர்கள், ஸ்பார்க்குக்குப் போக வழியில்லாமல் சி.டி.ஐ. கெட்டுப்போகலாம். அப்புறம் அது உண்மையிலேயே 1,100 ரூபாய்ச் செலவு. வண்டி வெள்ளத்தில் முங்கியிருந்தால் உதைக்கவே உதைக்காதீர்கள். சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீரை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். 2018 நவம்பரில் கஜா அடித்த மறுவாரம் அவசரப்பட்டு உதைத்தவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. கேப்பின் ரப்பர் விறைத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். புதுசின் ரப்பர் விளிம்பில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். வாஸலின் வேண்டாம், சூட்டில் உருகிவிடும், ரப்பருக்கும் ஆகாது. வாட்டர் வாஷில் பிளக் பக்கம் பீய்ச்ச வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். முன் மட்கார்டின் கீழே தொங்கும் ரப்பரை அழகுக்காகக் கழற்றி வீசியிருக்கும் இளவட்டங்களே, சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேரே பிளக்குக்குத்தான் போகிறது. அது அங்கே காரணமில்லாமல் தொங்கவில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிக்காரர்களுக்கும் பிளக், கேப் கதை இதேதான். மற்ற கனெக்டர்களை நோண்டாமல், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தெரிந்தவரிடம் போங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன் என்று சிரிக்கும் தங்கை மகனே, உனக்குப் பிளக் இல்லை, சந்தோஷம். சார்ஜர் போடும் இடத்தில் கூரை ஒழுகுகிறதா என்று போய்ப் பார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் வண்டியோடு வாருங்கள். உள்ளூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும், பெண் பிள்ளைகள் கட்டாயம். ஸ்கூட்டியிலும் பிளக் இருக்கிறது, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுகிறேன். போனில் பேசிய மெக்கானிக் மாணவனும் வருகிறான், அவன் நேரத்துக்கு நான் காசு கொடுத்தாயிற்று. மழை பெய்தால் இன்னும் நல்லது. பெய்யாவிட்டால் ஆளுக்கொரு ஸ்ப்ரே பாட்டில் கொண்டுவாருங்கள். என் வீட்டுப் பாட்டிலைத் தர முடியாது, இஸ்திரித் துணியில் கிரீஸ் கறை ஏறி நேற்றே விசாரணை முடிந்துவிட்டது.