ஆச்சி வைத்த புள்ளி

மார்கழி மாதம் சிவகிரிக்குப் போவதில் ஒரு சங்கடம் உண்டு. விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். மேற்கே மலை. அந்தக் குளிரில் போர்வையை விட்டு வெளியே வரத் தனி வைராக்கியம் வேண்டும். என் அத்தைக்கு இருக்கிறது. எழுபத்தாறு வயசு, முழங்கால் வலி, இருந்தும் வாசல் தெளித்துக் கோலம் போடாமல் காபி கிடையாது. நமக்கும் கிடையாது.

போன மார்கழியில் போனபோது வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. பயப்படாதீர்கள், அத்தை பேத்திக்கு அரியர். அவ்வளவுதான்.

இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ். 'ஆட்டோமேட்டா' என்று ஒரு சமாசாரம். இரண்டாவது தடவையும் போய்விட்டது.

''ஷேர் ஆட்டோவா?'' என்றாள் அத்தை.

''கம்ப்யூட்டர் படிக்கத்தான் சேந்தேன் மாமா. இதுல கம்ப்யூட்டரே கிடையாது. வட்டம், அம்பு, வட்டம், அம்பு. நான் படிப்பை விட்டுருதேன்'' என்று பேத்தி கண்ணைத் துடைத்தாள்.

அத்தானுக்கு அதுவே போதும். ''நல்ல எடமா ஒண்ணு வந்திருக்கு மாப்ளே. முடிச்சிரலாம்.''

எனக்குத் தெரிந்த அரைகுறையை எடுத்துவிட்டேன். தோட்டத்து பம்ப்செட் ஸ்டார்ட்டரைப் பார். பச்சை பட்டன், சிவப்பு பட்டன். ஓடுகிறது, நிற்கிறது என்று இரண்டே நிலை. இதுவரை எத்தனை தடவை அமுக்கினாய் என்பது அதற்குத் தெரியாது. இப்போது எந்த நிலை என்பது மட்டும்தான் தெரியும். நிலைதான் வட்டம், பட்டன்தான் அம்பு.

''அது புரியுது. அதால எது முடியாதுன்னு நிரூபிக்கச் சொல்லுதாங்களே, அங்கதான் கோட்டை விடுதேன்.''

நானும் அங்கேதான் விட்டேன். தப்பிக்க வழி தேடி வாசலைப் பார்த்தேன். அத்தை புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். 1, 3, 5, 7. பிறகு 5, 3, 1.

பளிச்சென்றது. ஏறின அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு எவ்வளவு ஏறினோம் என்று நினைவிருக்க வேண்டும். ஏழு புள்ளி வரைக்கும் நாலு வட்டம் கூடப் போட்டுச் சமாளிக்கலாம். தெருவை அடைத்துப் போட்டால்? எத்தனை வட்டம் வைத்தாலும் அதற்கு மிஞ்சின கோலம் ஒன்று இருக்கும். ஸ்டார்ட்டர் ஜாதி இயந்திரம் அங்கே தோற்கும். அத்தை தோற்கமாட்டாள். அவள் எதையும் மண்டையில் சுமக்கவில்லை, மேலே வைத்த புள்ளியைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். வாசல்தான் அவளுக்கு மெமரி.

''நீங்களா விடுதீங்களா மாமா?''

''உன் பாடப் புத்தகத்தை எடு'' என்றேன். அட்டையில் கமலா கிருத்திவாசன் பெயர் இருந்தது. பிற்பாடு சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியையாக இருந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ராணி சிரோமணி கணிதப் பேராசிரியை. அவர் கணவர் கிஃப்ட் சிரோமணி புள்ளியியல்காரர். மூவரும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு, 'அரே கிராமர்ஸ் அண்ட் கோலம்'. நம்ம வாசல் கோலமேதான்!

வாக்கியங்களைச் சில விதிகளிலிருந்து பிறப்பிக்கும் இலக்கணத்தை 1950-களில் நோம் சாம்ஸ்கி கொடுத்திருந்தார். ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் போகும். கோலம் குறுக்கேயும் போகும், கீழேயும் போகும். அதற்கும் இலக்கணம் எழுதினால் என்ன என்று இவர்கள் இறங்கினார்கள். எழுத்து வரிசைக்குப் பதில் கட்டம் கட்டமாய் ஒரு பரப்பு. சின்னக் கோலத்தோடு விதிப்படி பக்கத்தில் ஒரு பத்தி, கீழே ஒரு வரிசை சேர். அதையே திரும்பச் செய். கைவிரலில் எண்ணக்கூடிய விதிகளிலிருந்து எண்ணி முடியாத கோலங்கள் வரும்.

கிஃப்ட் 1988-லும் ராணி 2019-லும் காலமானார்கள். 'சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்' என்ற பெயர் இந்தத் துறையில் நின்றுவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் கட்டுரைகளிலும் 'கோலம்' என்ற சொல் நுழைந்துவிட்டது.

பேத்தி எழுந்து வாசலுக்குப் போனாள். ''ஆச்சி, இதையே பதினஞ்சு புள்ளிக்கு எப்படிப் போடுவே?''

''ஏழுக்கு எப்படியோ அப்படித்தாம்ட்டி. இதுக்கு என்ன படிப்பு?''

அந்த ஒரு வரியில் பாதிப் பாடம் இருக்கிறது. பேத்தி சிரித்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்தாள். ''அந்த ராணியம்மா கோலம் நல்லாப் போடுவாளோ மருமகனே?''

''தெரியலையே அத்தை. இலக்கணம் எழுதினாங்க.''

''அதானே. போடுதவளுக்கு எழுத எங்க நேரம்?''

பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அத்தானைப் பார்த்துச் சொன்னாள். ''என்னை அஞ்சாங்கிளாஸோட நிறுத்தினாங்க. வாசலோட நின்னுட்டேன். இவ படிக்கட்டும்ல.''

அத்தான் அதற்கப்புறம் அந்த 'நல்ல எடத்தை'ப் பற்றி வாய் திறக்கவில்லை. பேத்தி மே மாதம் திரும்ப எழுதினாள். பாஸ். மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அத்தை கேட்டுவிட்டு, ''இதுக்கா இவ்வளவு அழுகை?'' என்றாளாம்.