1947: அவர்கள் ஆட்டமும் நம்மவர் வாக்கும்

பதுளைத் தோட்டங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம், 'பிழைக்கப் போனவர்கள்தானே' என்று அலட்சியமாகச் சொல்லும் அன்பர்களுக்கு ஒரு கால்பந்துக் கதை.

கேலிக் கால்பந்து அயர்லாந்து மண்ணின் ஆட்டம். அதில் பந்தைக் கையாலும் எடுத்தாடலாம். மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியின் இறுதியாட்டம் டப்ளினில் நடப்பதே வழக்கம். 1947இல் மட்டும் அதைக் கடல் கடந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1847ஆம் ஆண்டுக் கொடும்பஞ்சத்தின் நூற்றாண்டு நினைவாக! செப்டம்பர் 14 அன்று, பஞ்சத்தில் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் வாழும் ஊரில், கேவன் அணி 2 கோல் 11 புள்ளி எடுத்து, 2 கோல் 7 புள்ளி எடுத்த கெரியை வென்றது.

அதே 1840களில்தான் தமிழகத்து ஏழைகள் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அதே 1947 தேர்தலில் அவர்கள் வழிவந்தோரின் வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு இடங்களைத் தந்தன. மறு ஆண்டே வந்தது குடியுரிமைச் சட்டம். பதுளையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறித்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

தாய்நாடு என்ன செய்தது? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று தலையெண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பசிக்குப் போன தன் மக்களைத் தேடிப் போய் ஆடியது ஒரு சின்னஞ்சிறு நாடு. நம்மவரைப் பங்கு போட்டவை இரண்டு நாடுகள். இனியாவது அந்த 'தானே'யை விட்டுவிடுங்கள்.