பொட்டென்ஷியல் என்னும் புருடா

ஃபுட்பால் மேனேஜர் விளையாடும் பையன் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மக்களே. பையன் இல்லாதவர்களும் படிக்கலாம். ஆபீஸில் ஒரு தடவையாவது அப்ரைசல் ரேட்டிங் வாங்கியிருந்தால் போதும், விஷயம் புரிந்துவிடும்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்குள்ளேயும் 200-க்கு இத்தனை என்று ஒரு எண் ஒளிந்திருக்கிறது. பேரு பொட்டென்ஷியல் எபிலிட்டி. இவன் எவ்வளவுதான் முக்கினாலும் இதுக்கு மேல போக மாட்டான் என்கிற உச்சவரம்பு. நீங்க நல்ல கோச்சைப் போடுங்க, வாரம் தவறாமல் மேட்சில் இறக்குங்க, ஒண்ணும் நடக்காது. சில இளசுகளுக்கு மட்டும் ஒரு ரேஞ்ச் கொடுத்து, ஆட்டம் தொடங்கும்போது அதுக்குள்ளே ஒரு எண்ணைக் குலுக்கிப் போடுவார்கள். போட்ட பிறகு அதுவும் கல்வெட்டுதான். நம்ம ஊரில் இதுக்குப் பேரு தலையெழுத்து. பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை, லண்டன் கம்பெனி சொன்னால் டேட்டாபேஸ்!

என் கட்சி இதுதான்: அந்த எண் புருடா. அதிலும் நம்ம ஊர் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் கலப்படமில்லாத அக்மார்க் புருடா.

நான் ஒண்ணும் இந்த விளையாட்டுக்கு எதிரி இல்லீங்க. ஹாஸ்டலில் சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02 விளையாடி விடிய விடியக் கண்ணு சிவந்த கோஷ்டிதான் நானும். அதில் போர்ச்சுகலின் கோவேயா கிளப்பில் டோ மடெய்ரா என்று ஒரு ஸ்ட்ரைக்கர் வருவான், ஞாபகம் இருக்கா? கோலா போட்டுத் தள்ளுவான். கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு ஆளே உலகத்தில் கிடையாது! தகவல் சேகரிக்கிற இடத்தில் யாரோ செருகிவிட்டது. இல்லாத ஆளுக்கு எல்லாத்திலும் முழு மார்க் போட முடிகிற அதே வழியில், இருக்கிற ஆளுக்குக் குறைத்தும் போடலாம் இல்லையா?

எண்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். கோல்கீப்பர் அல்லாத ஒருத்தனுக்குத் திரையில் தெரிவது 36 ஆட்ரிப்யூட். டெக்னிக்கல் 14, மென்டல் 14, பிசிக்கல் 8. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மார்க். இதுக்குப் பின்னாடி தெரியாத எண்கள் தனி. போடுவது யார்? உலகம் பூரா ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள். பலர் அந்தந்த கிளப்பின் தீவிர ரசிகர்கள், பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள். இங்கிலாந்தில் இது அருமையாக வேலை செய்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஒரு கிளப்பை வாரா வாரம் ஆயிரம் பேர் பார்க்கிறான், ஒருத்தன் தப்பா போட்டால் இன்னொருத்தன் சண்டைக்கு வருவான். எவர்ட்டன் கிளப்பே 2008-ல் இந்த டேட்டாபேஸைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கம் வாங்க. இங்கே ஒரு கிளப்பைத் தொடர்ந்து பார்த்து எண் போட எத்தனை பேர்? போடாமல் விட்ட கட்டங்களை விளையாட்டே ஏதோ ஒரு எண்ணால் நிரப்பிக்கொள்ளும். பார்க்கிற கண் குறையக் குறைய இந்த நிரப்பல் கூடத்தானே செய்யும்? அதுக்கு மேல, இந்த லீகின் தரம் இவ்வளவு, ஆகவே இதில் ஆடுகிறவன் சுமார் இவ்வளவு என்று ஒரு மூடி. குழம்பு எப்படி இருக்கிறது என்று ருசி பார்க்காமலே தட்டைப் போட்டு மூடுகிற மாதிரி.

கிராஸிங், ஹெட்டிங் இதெல்லாம் கூடப் பரவாயில்லை, டிவியில் பார்த்தால் ஓரளவு தெரியும். டிடர்மினேஷனுக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எப்படிங்க போடுவீர்கள்? வியாசர்பாடியில் இருந்து கிளம்பினவர் தனபால் கணேஷ். சென்னையின் எஃப்சி 2018 மார்ச்சில் பெங்களூருவில் 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் இருந்தவர். நம்ம புனே எஃப்சிக்கும் ஆடியிருக்கிறார். வடசென்னை மண்தரையில் தொடங்கி அந்த மேடை வரைக்கும் வந்தவருடைய மன உறுதிக்கு 20-க்கு எவ்வளவு? எவ்வளவு போட்டாலும் சரி, எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அந்த ஒரே கோலைப் போட்டாரே, நாலு வருஷத்துக்கு மேல் டெர்பி ஜெயிக்காமல் கிடந்த அணிக்கு. அந்த நிமிஷத்து கம்போஷருக்கு எத்தனை?

சரி, ஐரோப்பாவிலாவது பொட்டென்ஷியல் பலித்ததா? ஃப்ரெடி அடு. 14 வயதில், 2004-ல், அமெரிக்க லீகில் இறங்கிய பையன். விளையாட்டில் வருங்கால மன்னன், நானே எத்தனை தடவை வாங்கியிருக்கிறேன். நிஜத்தில் நாடு நாடாக, கிளப் கிளப்பாக அலைந்தார். ஜேமி வார்டி நேர் எதிர். 25 வயதில் லீகுக்கு வெளியே ஃப்ளீட்வுட்டில் ஆடிக்கொண்டிருந்தவர், 2012-ல் லெஸ்டர் கூட்டிப் போனது, 2015-ல் தொடர்ந்து 11 பிரீமியர் லீக் மேட்சில் கோல், 2016-ல் சாம்பியன். அதுக்கப்புறம் எண்ணை ஏற்றிக்கொண்டார்கள். நடந்து முடிந்த பிறகு ஏற்றுவதற்குப் பேரு கணிப்பா சாமி?

இதில் எனக்கு முக்கியமான கோபம் வேற. ஆட்டக்காரனைச் சுற்றி இருக்கிற ஓட்டையை எல்லாம் ஆட்டக்காரன் தலையில் எழுதுகிறார்கள். புனேவையே எடுத்துக்கொள்ளுங்கள். புனே எஃப்சி 2012-13 ஐ-லீகில் இரண்டாவது இடம் பிடித்த அணி. இன்றைக்கு அந்த அணி எங்கே? அப்புறம் எஃப்சி புனே சிட்டி வந்தது, பாலேவாடியில் ஆடியது, 2019-ல் மூடினார்கள், இடம் ஹைதராபாத் போனது. 2025-ல் உரிம ஒப்பந்தச் சிக்கலில் ஐஎஸ்எல் சீசனே குறித்த காலத்தில் தொடங்கவில்லை, ஆட்டக்காரர்கள் அடுத்த மேட்ச் எப்போது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருபது வயதில் கிளப் மூடிப்போன பையன் வளரவில்லை என்றால் அது அவனுடைய பொட்டென்ஷியலா? சுனில் சேத்ரிக்கு 2009-ல் இங்கிலாந்தின் கியூபிஆர் கிளப்போடு ஒப்பந்தமே ஆனது. வொர்க் பெர்மிட் கொடுக்கவில்லை. காரணம் அவர் கால் இல்லை, இந்தியா ஃபிஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை! அவர் 2024 ஜூனில் 94 சர்வதேச கோல்களோடு ஆடி முடித்து ஓய்வு பெற்றார், பிறகு திரும்பியும் வந்தார். அந்த பெர்மிட் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த 200-க்குள்ளும் அடைக்க முடியாது.

இப்ப வீட்டு விஷயம். என் பையன் ஒன்பதாவது. சென்னையின் அணிக்கு மேனேஜர் ஆனதும் முதல் வாரமே நம்ம ஊர்ப் பையன்களை எல்லாம் வரிசையாக விற்றான். "ஏன்டா?"ன்னு கேட்டால், "பொட்டென்ஷியல் இல்லப்பா, வேஸ்ட்." தங்கமணி கூட, "விளையாட்டுதானே, விடுங்களேன்"னு சொன்னாங்க. விட்டிருப்பேன். ஆனால் இங்கே லோஹேகாவில் எங்க அபார்ட்மென்ட் பசங்க ஒரு நோட்டு போட்டிருக்கானுங்க. பக்கத்துக் காலி மனையில் சேர்ந்து ஆடுகிற பதினைந்து பேருக்கும் 20-க்கு மார்க், கடைசிக் காலத்தில் பொட்டென்ஷியல். எதிரே கட்டடம் எழும்புகிறதே, அங்கே வேலை செய்கிறவர் பையன் ஒருத்தன் வருவான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஆடுவான். பந்து அவன் காலுக்குப் போனால் மற்றவன் எல்லாம் நின்று வேடிக்கைதான் பார்க்கணும். டிரிப்ளிங்கில் அவனுக்கு 17 போட்டிருந்தானுங்க, நியாயமாகத்தான். பொட்டென்ஷியல்? 60. வார இறுதியில் அகாடமிக்குப் போகிற, ஷூ வைத்திருக்கிற பையனுக்கு 150.

"அவனுக்கு ஏன்டா 60?"

"அங்கிள், அவன் எங்க கோச்சிங் போகப் போறான்?"

ஒரு சுகோய் தலைக்கு மேல் கிளம்பினால் பேச்சே நின்று போகும், லோஹேகாவ்காரங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது இல்லாமலே எனக்கு வாய் அடைத்துப் போச்சு. ஏன்னா, பெரிய டேட்டாபேஸிலும் எண் விழுகிற வழி கிட்டத்தட்ட இதுதான். எந்த லீக், எந்த அகாடமி, எந்த ஊர் என்று பார்த்து, அதிலிருந்து ஆளை அளக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, பெல் கர்வில் நம்மை ஒரு இடத்தில் குத்தி வைத்த கதையை வீட்டில் புலம்புகிற நாமே, பையன் அதே கத்தியோடு விளையாடுவதைப் பார்த்து ரசிக்கிறோம் பாருங்கள்.

"கம்ப்யூட்டருக்கு எண் வேணுமே"ன்னு சிலர் வருவீங்க. வேணும்தான். இன்றைய திறமைக்கு எண் இருக்கட்டும், சண்டை போட்டாவது திருத்தலாம். பொட்டென்ஷியலைத் தூக்கிவிட்டு, அவன் எவ்வளவு மேட்ச் ஆடினான், எப்படிப்பட்ட பயிற்சி, எத்தனை காயம், கிளப் சம்பளம் ஒழுங்கா கொடுத்ததா, இதிலிருந்து வளர்ச்சியைக் கணக்குப் போடுங்கய்யா. பார்க்காத ஆளுக்கு மார்க் போடாமல் ஒரு கேள்விக்குறி வையுங்கள்.

பசங்க நோட்டில் அந்தக் கடைசிக் காலத்தைப் பேனாவால் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். 150 வாங்கின பையன் மட்டும் இன்னும் ஒத்துக்கலை.