நத்தையும் முத்தும் ஒரு பேராசிரியர் பணியிடமும்

மூளை நோய்களைப் பற்றிய உயர் ஆய்வு என்றாலே நமக்குப் பெங்களூரு நினைவுக்கு வரும். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும், 2022இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கப்பெற்ற மூளை ஆய்வு மையமும் வரும். தூத்துக்குடியோ திருநெல்வேலியோ எவர் நினைவிலும் எழுவதில்லை. எழ வேண்டும் என்பதே என் கட்சி.

காரணம், நம் வாசலில் கிடக்கும் கடல். மன்னார் வளைகுடாவில் கூம்பு வடிவ ஓடுடைய நத்தையினங்கள் பல வாழ்கின்றன. திருச்செந்தூர்க் கடைகளில் சங்கு, சிப்பிகளுக்கிடையே அவற்றின் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். இவ்வகை நத்தைகளின் நஞ்சு, நரம்புச் செல்களின் வாயில்களைக் குறிபார்த்து அடைக்கும் நுண்ணிய மூலக்கூறுகளின் கலவை. அத்தகைய ஒரு மூலக்கூறே கடும் வலிக்கான மருந்தாக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எந்த வாயில் கெட்டால் மூளையில் எது குலைகிறது என்று ஆராய்வோர்க்கும் இந்நஞ்சுகள் திறவுகோல்கள்.

இவ்வாய்வுக்கு வித்திட்டவர் பால்டோமெரோ ஒலிவெரா என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டவர். வெளிநாட்டில் பயின்று தாயகம் திரும்பியபோது, தாம் பழகிய ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் அங்கில்லை. ஆகவே எளிதில் கிடைத்த கடல் நத்தையை எடுத்துக்கொண்டார். பின்னர் அவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். வலி மருந்தின் மூல நஞ்சு அங்கேதான் பிரித்தறியப்பட்டது. நத்தை கீழைக்கடலுடையது, புகழ் மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு. ஆளை அமர்த்திய இடத்திற்கே அறிவு சேரும்.

இதற்கு மறுதலையான சான்று நம் ஊரிலேயே உண்டு. மூழ்கி முத்தெடுக்கும் பெருங்குளிப்பு 1961உடன் இங்கு நின்றுபோயிற்று. ஆனால் 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் இருந்தபடியே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். கடலருகே ஓர் ஆய்வாளரை அமர்த்தியதன் பயன் அது.

மருந்துச் செடிகளின் கதையும் இதுவே. நாம் அமுக்கரா என்னும் மூலிகையின் வேர்ச்சாறு, அல்சைமர் நோயூட்டப்பட்ட எலிகளின் மூளையில் படிந்த புரதத்தைக் குறைத்ததை விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் 2012இல் வெளியிட்டனர். எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடாது என்பது உண்மையே. ஆயினும் கேள்வி நம் மரபிலிருந்து எழுந்தது. ஆய்வகமோ வேற்றூரில் இருந்தது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியை வைத்திருக்கும் நமக்கு இது உறைக்க வேண்டாமா?

நான் வேண்டுவது இதுதான். 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஒற்றை ஆளை அன்று, ஒரு குழுவை அமர்த்தட்டும்: உயிர்வேதியியலார் ஒருவர், நரம்பியங்கியலார் ஒருவர், கடலுயிரியலார் ஒருவர். தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் நோயாளியின் கேள்வியை அவர்களிடம் கொண்டுவரட்டும். விளம்பரத்தில் 'துறை, தகுதி, இனச்சுழற்சி' என்று மட்டும் எழுதாமல், எந்தச் சிக்கலைத் தீர்க்க அழைக்கிறோம் என்றும் எழுதட்டும். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதோடு தேர்வு முடியலாகாது. வந்து சேர்ந்தவருக்கு முதலாண்டிலேயே ஆய்வகமும், குறைந்தது ஐந்தாண்டு நிம்மதியும் வேண்டும்.

"இருக்கும் காலியிடங்களையே நிரப்ப வழியில்லை, இதில் மூளை ஆய்வா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 60 வயதைக் கடந்த இந்தியரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதிநோயுற்றவர்கள் என்பது 2023இல் வெளிவந்த மதிப்பீடு. காலியிடங்களை எப்படியும் ஒருநாள் நிரப்பத்தான் போகிறோம். நோக்கத்தோடு நிரப்பினால் என்ன?

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் வியக்கலாம். அந்நோய் நினைவோடு சொற்களையும் பறிக்கிறது. ஒரு மூதாட்டி சொல் மறக்கும்போது அவரோடு ஒரு நெய்தல் வழக்கும் மறைகிறது. எந்த அகராதியும் அதைக் குறித்து வைத்திருப்பதில்லை. சொல்லைக் காப்பது என் தொழில் என்றால், சொல் தங்கும் இடத்தைக் காப்பவரை வரவழைக்கச் சொல்வதும் என் தொழிலே.