தாத்தா போட்டோ ஏன் பச்சையாகுது? கறுப்பு வெள்ளை பிரின்ட்டுகளைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், குன்றைக் குடைந்து உருவாக்கிய 8-ம் நூற்றாண்டு சிவன் கோயில் இருக்கிறது. அதன் முன்னால், குதிரைகள் இழுக்கும் தேர் வடிவில் ஒரு கல் மண்டபம். தூணுக்குத் தூண் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் அந்த இடம், கறுப்பு வெள்ளை போட்டோவுக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். இப்படி எடுக்கும் படங்களைப் பெரிய சைஸில் பிரின்ட் போட்டு ஹாலில் மாட்டுவது இப்போது ஒரு ரசனையாகவே வளர்ந்திருக்கிறது.

நம் வீடுகளில் அதற்கும் முன்பிருந்தே தொங்கும் கறுப்பு வெள்ளை படம் ஒன்று உண்டு. தாத்தா, பாட்டி படம்தான். ஸ்டுடியோவில் எடுத்த அசல் செல்லரித்துப்போக, அதை ஸ்கேன் செய்து, இங்க்ஜெட்டில் பிரின்ட் போட்டு, புது ஃப்ரேமில் மாட்டியிருப்போம். சில வருஷத்துல தாத்தா சட்டை லேசா பச்சையாகுது, இல்லைன்னா செம்பழுப்பாகுது. 'கடைக்காரர் ஏமாத்திட்டார்' என்று விட்டுவிடுகிறோம். காரணம் பாதி கடையில், பாதி நம் சுவரில்.

திரும்ப எடுக்க முடியாத படங்கள்

ஊருக்கு ஊர் இருந்த பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட, நெகட்டிவ்களும் குப்பைக்குப் போய்விட்டன. தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்க, பிரிட்டிஷ் லைப்ரரியின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இறங்கியதே இந்த இழப்பைப் பார்த்துத்தான். பல குடும்பங்களுக்கு, சுவரில் இருக்கும் பிரின்ட்தான் அந்த முகத்தின் கடைசிப் பிரதி.

இத்தனைக்கும் புதுக்கோட்டைக்குப் புகைப்படம் புதிதல்ல. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-லேயே இந்தப் பகுதியைப் படமெடுத்தார். அவை தனி ஆல்பமாகவும் வெளியாயின. அந்தக் கால பிரின்ட்டுகள் இன்றும் மிஞ்சியிருப்பதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலான நாள்கள் அவை வெளிச்சம் படாமல் மூடியே இருந்ததுதான். நம் படங்களோ 365 நாளும் சுவரில்.

மையில் தொடங்குகிறது பிரச்னை

இங்க்ஜெட் மையில் இரண்டு வகை. 'டை' மை, தண்ணீரில் சாயம் கரைவது மாதிரி கரைந்திருக்கும். 'பிக்மென்ட்' மையில் நிறம் நுண்ணிய துகள்களாக இருக்கும். வெளிச்சத்தையும் காற்றையும் துகள்தான் அதிகம் தாங்கும்.

சாதாரண பிரின்டர்கள் சாம்பல் நிறத்தை, நீலம், சிவப்பு, மஞ்சள் மைகளைக் கலந்தே உருவாக்குகின்றன. இந்த மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு மங்கினால், மிஞ்சிய நிறம் வெளியே தெரியும். கலர் படத்தில் அது கண்ணில் படாமல் போகலாம். கறுப்பு வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

வெளிச்சம் மட்டும்தான் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். 2000-ல் எப்சன் கொண்டுவந்த ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரின்டர்கள், வெளிச்சத்துக்கு மங்காத படம் தரும் என்று விளம்பரப்படுத்தப்பட்டன. ஆனால், பலருடைய படங்கள் சீக்கிரமே ஆரஞ்சு நிறமாகின. காற்றில் கலந்திருக்கும் ஓசோன்தான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. 2005-ல் அதே நிறுவனம், அடர்த்தி வேறுபட்ட மூன்று கறுப்பு பிக்மென்ட் மைகளைக் கொண்ட பிரின்டர்களை வெளியிட்டது. சாம்பல் நிறத்துக்குக் கலர் மைகளை நம்புவது அதனால் வெகுவாகக் குறைந்தது.

ஃப்ரேமுக்குள் நடப்பது

பிரின்ட் போட்ட கையோடு கண்ணாடிக்குள் அடைக்கக் கூடாது. மையிலிருக்கும் ஈரம் வெளியேற ஒரு நாளாவது காற்றாட விட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்ததுபோல் ஆகிவிடும்.

படம் கண்ணாடியைத் தொடவும் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகம் உரிந்து வரும். நடுவில் ஒரு மவுன்ட் அட்டை வைத்தால் இடைவெளி கிடைக்கும். அந்த அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். பின்னால் சாதா அட்டையோ ஹார்ட்போர்டோ வைத்தால் அதன் அமிலம் பேப்பரைப் பழுப்பாக்கும். பசை போட்டு ஒட்டுவதும், லேமினேஷனும் திரும்பப் பிரிக்க முடியாத வேலைகள்.

பேப்பரில், பருத்தி இழையில் செய்தது நீடிக்கும். பளிச்சென்ற வெள்ளைக்காக வெண்மையூட்டி சேர்த்த பேப்பர், அது செயலிழந்ததும் மஞ்சளடிக்கும்.

எந்தச் சுவர், எந்த விளக்கு?

நேரடி வெயில் விழும் சுவரும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். ஃப்ரேமின் பின்புறம் நான்கு மூலைகளிலும் சின்ன ரப்பர் துண்டுகளை ஒட்டினால் காற்று போகும். பூஞ்சையும் செல்லும் எட்டிப்பார்ப்பது குறையும். அருங்காட்சியகங்கள் மங்கக்கூடிய படங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்கின்றன. நம் ஹாலின் பகல் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு.

அடுத்தது பூஜை. மறைந்தவர் படத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூமாலை சாத்தி, ஊதுவத்தி ஏற்றுவது நம் வழக்கம். மாலையின் ஈரம் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும். புகை இடுக்கில் புகுந்து படியும். அதற்காக மாலை போடாம இருக்க முடியுமா? வேண்டியதில்லை. ஒரே படத்தை இரண்டு பிரின்ட் போடுங்கள். ஒன்று மாலைக்கு. இன்னொன்று, அமிலமில்லாத காகிதம் சுற்றிய பெட்டியில், பீரோவுக்குள். ஸ்கேன் ஃபைலை இரண்டு இடங்களில் வையுங்கள். முக்கியமாக, நைந்துபோன அசலைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடையில் கேட்க மூன்று கேள்விகள்

* மை டையா, பிக்மென்ட்டா?
* பேப்பர் பருத்தியா, வெண்மையூட்டி சேர்த்ததா?
* படத்தைத் தொடும் அட்டை அமிலமில்லாததா?

மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் கடையில் கட்டணம் கூடுதலாகவே இருக்கும். கல்யாண ஆல்பத்துக்குப் பேரம் பேசாமல் கொடுக்கும் வீடு, பாட்டியின் ஒரே படத்துக்கும் கொஞ்சம் செலவு செய்யலாம். கல்யாணத்தைச் சுற்றி நின்று எடுக்கப் பத்து கேமரா இருக்கிறது. பாட்டிக்கு இருப்பது அந்த ஒரு படம்தான்.