தற்செயலுக்கா பெருமை?

அமெரிக்க நாட்டார் பாடகி எலிசபெத் காட்டனின் வரலாற்றைப் பலரும் ஒரு கடைக் காட்சியிலிருந்தே தொடங்குவர். 1940களின் பிற்பகுதியில் வாசிங்டன் நகரப் பல்பொருள் அங்காடியொன்றில் பணிபுரிந்த அவர், வழிதவறி நின்ற பெக்கி என்ற சிறுமியைத் தாயிடம் சேர்ப்பித்தார். தாய், இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்டு சீகர். அவ்வீட்டிலேயே காட்டனுக்கு வேலை கிடைத்தது. அங்குச் சுவரில் தொங்கிய கிதாரை ஒரு நாள் எடுத்து வாசித்தார். உலகம் அவரைக் கண்டுகொண்டது இவ்வாறே. இதனை ஊழின் திருவிளையாடல் என்று போற்றுவாரோடு நமக்கு உடன்பாடில்லை.

1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். பள்ளிப் பருவத்திலேயே வீட்டுவேலைக்குச் சென்று, மாதம் ஒரு டாலரை எட்டாத கூலியில் மிச்சம் பிடித்து முதற்கிதாரை வாங்கினார். இடக்கைப் பழக்கம் உடையவர், கற்பிப்பார் எவருமில்லை. நரம்புகளை மாற்றிக் கட்டாமல் கருவியையே தலைகீழாகப் பிடித்தார். விரல்கள் கனத்த நரம்புகளில் தாளங் காக்க, கட்டைவிரல் மெல்லிய நரம்புகளில் மெட்டை இசைத்தது. பிறர் வாசிப்பதற்கு முற்றிலும் நேர்மாறான முறை இது. ஆசிரியர் இருந்திருந்தால் முதல் நாளே திருத்திக் கெடுத்திருப்பார். சரக்கு ரயிலைப் பற்றிய புகழ்பெற்ற பாடலைப் புனைந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டளவே.

பிறகு மணமாயிற்று, மகள் பிறந்தாள். உலகியல் இசை ஆகாது என்றனர் தேவாலயத்தார். பிறர் வீட்டு அடுப்படிகளில் ஆண்டுகள் கரைந்தன. பல பத்தாண்டுகள் அவர் கிதாரை ஏறக்குறைய மறந்தே போனார். வறுமையும் நிறவெறியும் விழுங்கிய அவ்வாண்டுகளைப் பேசாமல் கடைக் காட்சியை மட்டும் சுவைபடக் கூறுவது, குற்றவாளியைத் தப்பவிட்டு வழிப்போக்கனுக்கு மாலையிடுவதாகும்.

கொடுமை அத்துடன் நிற்கவில்லை. பெக்கி சீகர் வழியே இங்கிலாந்து சென்ற அச்சரக்கு ரயில் பாடலை ஆங்கிலேயர் இருவர் தமதென்று பதிவு செய்துகொண்டனர். 1957இல் அது அந்நாட்டில் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு, பெக்கியின் அண்ணன் மைக் சீகர் பதிவுசெய்த காட்டனின் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. அறுபதைக் கடந்தபின் மேடையேறியவர், பாடி ஈட்டிய பொருளில் சிரக்கியூஸ் நகரில் வீடு வாங்கினார். 1985இல் கிராமி விருது பெற்றபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார், 1987இல் மறைந்தார்.

பாடலின் உரிமை சீகர் குடும்பத்தாரின் முயற்சியால் பின்னர் அவருக்கே மீண்டது. ஆயினும், களவாடியோர் பெயரையே ஆசிரியராகக் குறிக்கும் வெளியீடுகள் இன்னும் உலவுகின்றன. 2022இல் ராக் இசைப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டதில் மகிழ்ச்சியே. பதிப்புரிமை வணிகர்கள் அப்பெயர்களை நீக்குவதற்கும் ஒரு விழா வேண்டுமோ?