நிலக்கரி ஊரில் கறித்தூள்

சிகாகோவில் ஹாட் டாக் வாங்கினால் கண்ணைப் பறிக்கும் பச்சையில் வெள்ளரி ஊறுகாயை மேலே வைத்துத் தருவார்கள். டென்மார்க்கில் மெல்லிசாகச் சீவி ஊறவைத்த வெள்ளரி. ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில், கெல்சென்கிர்ச்சன் போன்ற பழைய சுரங்க ஊர்களில், அந்த இடத்தைப் பிடித்திருப்பது கறித்தூள். வாட்டிய பன்றி இறைச்சி சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கி அட்டைத் தட்டில் போடுகிறார்கள். புளிப்பும் இனிப்புமான தக்காளி சாஸைச் சூடாக ஊற்றி, அதன்மேல் மஞ்சள் பூக்கும்படி தூளைத் தூவி, ஒரு சின்ன முள்கரண்டியைச் செருகி நீட்டுகிறார்கள். அதுதான் கறிவுர்ஸ்ட்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பெர்லினிடம் ஆளும் தேதியும் இருக்கின்றன: கடைக்காரர் ஹெர்டா ஹாய்வர், 1949 செப்டம்பர் 4. தன் சாஸுக்கு ‘சில்லப்’ என்று பெயரிட்டு 1959இல் பதிவு செய்தார். 1999இல் இறக்கும்வரை செய்முறையை யாருக்கும் சொல்லவில்லை. கடை இருந்த இடத்தில் 2003இல் நினைவுப் பலகை வைத்தார்கள். ஹாம்பர்க்காரர்கள் இதைப் பற்றி ஊவே டிம் 1993இல் எழுதிய குறுநாவலைக் காட்டுவார்கள். ரூர்க்காரர்களுக்கு இதைப் பற்றி ஹெர்பர்ட் க்ரோனெமாயர் 1982இல் பாடிய பாட்டு போதும். முதல் ஆள் யார் என்பதைவிட, நம் பக்கத்துப் பொடி அங்கே எந்த வழியாகப் போனது, போனது ஏன் தங்கிவிட்டது என்பதே எனக்கு முக்கியம்.

வழி இங்கிலாந்து வழி. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்களின் நாக்கு நம் மசாலாவுக்குப் பழகிப்போயிருந்தது. இங்கே அன்றன்று அம்மியில், குழம்புக்கு ஒரு விதமாகவும் வறுவலுக்கு ஒரு விதமாகவும் அரைத்ததை, லண்டன் வியாபாரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொடியாக்கிப் புட்டியில் அடைத்தார்கள். 1784இலேயே பிக்கடில்லியில் ஒரு வாசனைத் திரவியக் கடை கறித்தூளுக்கு விளம்பரம் செய்திருக்கிறது. 1945இல் தோற்ற ஜெர்மனியை நாலாகப் பிரித்தபோது ரூர் வட்டாரம் பிரிட்டிஷ் மண்டலத்துக்குள் வந்தது. ஹாய்வரின் கடை இருந்த சார்லோட்டன்பர்க்கும் பெர்லினின் பிரிட்டிஷ் பகுதிதான். பட்டாளத்துக்காரர்கள் கையிலிருந்து பொடி கடைகளுக்கு வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இந்த சாஸின் பல செய்முறைகளில் சேரும் ஊஸ்டர் சாஸில் நம் புளியும் இருக்கிறது.

வந்ததைத் தங்கவைத்தது பசி. அதிலும் கெல்சென்கிர்ச்சனின் பசி தனி ரகம். அந்த ஊரில் வெளியாள் அல்லாதவர் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 1855இல் ஹிபெர்னியா சுரங்கத்தைத் தொடங்கிய வில்லியம் முல்வனி அயர்லாந்துக்காரர். கரி வெட்ட கிழக்கு பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்தும் போலந்துப் பகுதிகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஊரின் கால்பந்து அணியான ஷால்கே 04இன் பெரும் ஆட்டக்காரர்கள் எர்ன்ஸ்ட் குசோராவும் ஃபிரிட்ஸ் செப்பானும் அப்படி வந்த மசூரியக் குடும்பத்துப் பிள்ளைகள். எதிரணி ரசிகர்கள் அந்த அணியைப் போலாக்குகளின் அணி என்று ஏசினார்கள். 1961இன் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கியர் வந்தார்கள். பூமிக்கடியில் ஷிப்ட் முடித்து மேலே வந்து, உடம்பெல்லாம் படிந்த கரியைக் கழுவிவிட்டு வெளியே வந்தவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமும் இல்லை, காசும் இல்லை. சூடாக, உறைப்பாக, நின்றபடியே தின்ன முடிந்தது இது. பக்கத்திலேயே பீரும் சிகரெட்டும் விற்கும் ட்ரிங்ஹாலே என்ற பெட்டிக்கடை. அந்தப் பெட்டிக்கடைப் பண்பாட்டை வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 2020இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. செய்ய வேண்டிய காரியம். சுரங்கங்களை மூடிய பிறகு செய்தார்கள் என்பதுதான் வருத்தம்.

கெல்சென்கிர்ச்சனின் ஹூகோ சுரங்கம் 2000இல் மூடியது. நாட்டின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம், அருகிலுள்ள பாட்ராப்பில், 2018 டிசம்பரில். 1950களின் கடைசியில் ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் பேர் இருந்த கெல்சென்கிர்ச்சனில் இன்று சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். வேலையின்மைக் கணக்கில் ஜெர்மனியின் மோசமான ஊர்களில் ஒன்றாக ஆண்டுதோறும் அதன் பெயர் வருகிறது. கரி போயிற்று, கறிவுர்ஸ்ட் போகவில்லை.

‘அது நம்முடைய கறி’ என்று நம்மவர்கள் பெருமைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தட்டை மூன்று தலைமுறையாகத் தங்கள் கூலியால் தங்கள் உணவாக்கிக்கொண்டவர்கள் சுரங்கத் தொழிலாளிகள். நாம் உரிமை கோர வேண்டிய வரலாறு வேறொன்று.

1980களில் இலங்கைத் தமிழர்கள் போருக்குத் தப்பி, பலர் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே நுழைந்து, ரூர் வட்டாரத்தில் வந்து குடியேறினார்கள். தொடக்கத்தில் வேலை செய்யவே அனுமதி இல்லை. கிடைத்தபோது பெரும்பாலும் உணவகச் சமையல்கட்டில் கிடைத்தது. பாத்திரம் கழுவி, வெங்காயம் நறுக்கி, எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று, வீட்டுக்குப் போய் மல்லியையும் மிளகாயையும் கருக வறுத்து யாழ்ப்பாணத்துத் தூளை இடித்தார்கள். ஒரே நகரத்தில் இரண்டு கறித்தூள்: லண்டன் வழி வந்த மஞ்சள் பொடி, கையோடு வந்த கருஞ்சிவப்புத் தூள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயிலைப் பற்றி ஜெர்மானியப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்தக் கோபுரத்துக்குக் காசு கொடுத்தவர்கள் நின்ற சமையல்கட்டுகளைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

அன்று இருபது வயதில் வந்தவர்கள் இப்போது ஓய்வூதிய வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளிகளும் கோயில் சபைகளும் ஆளுக்கொரு ஒலிப்பதிவுக் கருவியோடு இவர்கள் வீடுகளுக்குப் போகலாம். முதல் சம்பளம் எந்த அடுப்படியில், தமிழ்க் கடைகள் வருமுன் செத்தல் மிளகாய் எங்கே வாங்கினீர்கள், முதலாளி உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தூளை வறுத்த நெடிக்கு மேல்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டியபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்கலாம். ஹாய்வரின் செய்முறை அவரோடு போய்விட்டது. இவர்களிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.